குடுமி, நுரையீரல், கோப்பு

வெளிநாட்டில் முனைவர் பட்டம் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இன்று தெருவுக்கு ஓர் ஆலோசகர் இருக்கிறார். டோஃபல், ஜி.ஆர்.இ., நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதம், வங்கி இருப்புச் சான்று, விசா நேர்காணல், கடைசியில் 23 கிலோ பெட்டி இரண்டு, அதிலொன்றில் பிரஷர் குக்கர். இவையெல்லாம் நம் காலத்துத் தொல்லைகள் என்று யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே சென்னையில் மூன்று பேர் இதே வரிசையில் நின்றிருக்கிறார்கள். மூவரும் மகா மேதைகள். மூவருக்கும் மூளையைத் தவிர மற்ற எல்லாமே பிரச்சினையாக இருந்தது.

முதலாமவர் போகவே இல்லை என்பதால் அவர் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 1907இல் பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்தபோது சி. வி. ராமனுக்கு 18 வயது. அதற்கு முந்தைய வருஷமே லண்டன் சஞ்சிகை ஒன்றில் அவருடைய கட்டுரை அச்சாகிவிட்டது. இந்தப் பையனை இங்கிலாந்துக்கு அனுப்பினால் என்ன என்று பேராசிரியர்கள் யோசித்தார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. சென்னை சிவில் சர்ஜன் பையனைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், இந்த உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது, போனால் காசநோயில் போய்ச் சேர்ந்துவிடும் என்று தீர்ப்பெழுதிவிட்டார். ராமன் மறுபேச்சில்லாமல் நிதித்துறைப் பரீட்சை எழுதி, முதலிடத்தில் தேறி, கல்யாணம் பண்ணிக்கொண்டு கல்கத்தாவில் கணக்கு பார்க்கப் போனார். மிச்ச நேரத்தில் இயற்பியல். குளிர் தாங்காத அந்த உடம்பு 1930 டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோமுக்குப் போய்த் திரும்பி, அதற்கு மேலும் 40 வருஷம் இருந்து, 82 வயது வரை ஊரில் பாதிப் பேருடன் சண்டை போட்டது. சிவில் சர்ஜன் எத்தனை வயது வரை இருந்தாரோ, பாவம்.

இரண்டாமவர் ராமானுஜன். இவருடைய விண்ணப்பத்தை இன்றைய ஆலோசகர் யாரிடமாவது நீட்டினால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார். பட்டம் கிடையாது. பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பைக் கும்பகோணத்தில் ஒரு தரமும் சென்னைப் பச்சையப்பனில் ஒரு தரமும் கோட்டை விட்டாயிற்று. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவருக்கு மற்ற பாடங்கள் கண்ணில் படவே இல்லை. பணி அனுபவம், சென்னைத் துறைமுகத்தில் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

இந்தத் தகுதிகளோடு அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். முதலில் எழுதிய பேக்கர், ஹாப்சன் இருவரும் கண்டுகொள்ளவில்லை. இன்று நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு பெயர்களையும் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவதாக 1913 ஜனவரி 16 அன்று ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். அதில் தன் வயது சுமார் 23 என்றிருந்தது. அப்போது அவருக்கு 25 முடிந்திருந்தது. கல்யாணச் சந்தையில் பெண் வீட்டார் செய்வதை நம் ஆள் கேம்பிரிட்ஜ் சந்தையில் செய்துபார்த்திருக்கிறார். கடிதத்தோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். நிரூபணம் மருந்துக்கும் கிடையாது.

ஹார்டி தன் கூட்டாளி லிட்டில்வுட்டைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அந்தத் தாள்களோடு உட்கார்ந்தார். எழுதியவன் மேதை என்று முடிவானது. உடனே லண்டன் இந்தியா ஆபீஸ் வழியாகச் சென்னைக்குத் தகவல் பறந்தது. இந்திய மாணவர்களைக் கவனிக்கும் ஆர்தர் டேவிஸ் என்ற துரை கூப்பிட்டு விசாரித்தார். துறைமுக மேலதிகாரி நாராயண ஐயரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போன ராமானுஜன், தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார்: வரவில்லை.

இங்கேதான் கேம்பிரிட்ஜ்காரர்களுக்குக் கதை புரியாமல் போனது. அவர்களைப் பொறுத்தவரை சேர்க்கைக் குழு கேம்பிரிட்ஜில் இருந்தது. உண்மையான சேர்க்கைக் குழு கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்தது. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அம்மா கோமளத்தம்மாள். கடல் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம். கல்யாணம், காரியம் எதற்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள், வாசலேறவும் மாட்டார்கள். முடிவிலித் தொடர்களை அடக்கியாண்டவர் அம்மாவின் ஒற்றைச் சொல்லைத் தாண்டவில்லை.

இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காரியம் செய்தது. எந்தப் பல்கலைக்கழகம் எஃப்.ஏ.வில் பெயிலாக்கியதோ அதே பல்கலைக்கழகம், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி எம்.ஏ. படித்திருக்க வேண்டும். விதியை ஓரமாக வைத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அறிக்கை கொடுத்தால் போதும். திருவல்லிக்கேணியில் சாப்பாடு, கையில் ஸ்லேட்டு, மாதம் பிறந்தால் 75 ரூபாய். இதை விட்டுவிட்டு எவன் கப்பலேறுவான்?

1914 ஜனவரியில் நெவில் என்ற இளம் கேம்பிரிட்ஜ்காரர் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். சொற்பொழிவு ஒரு பக்கம், ராமானுஜனை எப்படியாவது கிளப்பிக்கொண்டு வா என்று ஹார்டி கட்டிவிட்ட வேலை ஒரு பக்கம். வாதமெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு நெவில் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். வாதத்துக்கு வேலையே வரவில்லை. ராமானுஜன் சம்மதம் என்றுவிட்டார். நெவில் அசந்துபோனார்.

நடந்தது இதுதான். விசா நேர்காணலை நாமக்கல் நாமகிரித் தாயார் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தாள். கோமளத்தம்மாளின் கனவில் மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருந்ததாகவும், குறுக்கே நிற்காதே என்று தாயார் உத்தரவிட்டதாகவும் ஒரு கதை. ராமானுஜனே நாமக்கல் போய்க் கோயிலில் மூன்று ராத்திரி படுத்திருந்து அனுமதி வாங்கினார் என்று இன்னொரு கதை. எந்தக் கதையானாலும் முத்திரை குத்திய அலுவலகம் ஒன்றுதான். மேல்முறையீடு கிடையாது என்பதும், 'அடுத்த வாரம் வா' என்று சொல்லவில்லை என்பதும் அதன் சிறப்பு.

கனவு தீர்க்காத நாலு சந்தேகங்கள் பாக்கியிருந்தன. பணத்துக்கு என்ன வழி? என் இங்கிலீஷ் போதுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பரீட்சை எழுதச் சொல்வார்களா? இன்றைக்கு எந்த மாணவர் குழுவில் நுழைந்தாலும் இதே நாலு கேள்விகள்தான், இதே வரிசையில். நெவில் நாலுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பரீட்சை கிடையாது என்ற பதில்தான் நம் ஆளுக்கு அதிகம் இனித்திருக்க வேண்டும். பணத்தைப் பல்கலைக்கழகமே தந்தது. வருஷம் 250 பவுன், இரண்டு வருஷத்துக்கு. கப்பல் கட்டணமும் உடுப்புச் செலவும் தனி. அதில் வருஷம் 50 பவுன் ஊரில் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்படி ராமானுஜன் ஏற்பாடு செய்தார். முதல் மாதச் சம்பளத்திலேயே வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் ஆராய்ச்சி மாணவர்களின் குலமுதல்வர் அவர்.

இனி ஆளைத் தயார்செய்ய வேண்டும். கேம்பிரிட்ஜ் கேட்டது மூளையை மட்டும்தான். ஆனால் சென்னைப் பெரியவர்கள் மூளையைச் சுற்றியிருந்த மற்ற பாகங்களையும் செப்பனிட்டுத்தான் அனுப்புவது என்றிருந்தார்கள். கால்சராய், கோட்டு, கழுத்துப் பட்டி, காலை நசுக்கும் ஷூ. கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிட ஒரு பயிற்சி; தட்டில் காய்கறி தவிர எதுவும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. கடைசியாகக் குடுமி. அம்மாவும் மனைவி ஜானகியும் அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று இருவரையும் எழும்பூரில் ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தார், அழுதார், பிறகு தலையைக் கொடுத்தார். விசா புகைப்படத்துக்கு முகத்தைச் சரிசெய்துகொள்ளச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பியது. வழியனுப்ப வந்தவர்களில் துரைகளும் வக்கீல்களும் பேராசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் உண்டு. எல்லாரும் சந்தோஷமாகக் கையாட்ட, போகிறவர் கண்ணில் மட்டும் தண்ணீர். அதே கப்பலில் சௌரி முத்து என்ற டாக்டர், காசநோய் நிபுணர், பயணித்தார். மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தில் அவருடைய மருத்துவமனையிலேயே ராமானுஜன் போய்ப் படுக்க நேர்ந்தது. நுரையீரல் பரிசோதனை ஆள் மாறி நடந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இத்தனை ஒத்திகையிலும் ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் ராத்திரிக் குளிரில் நடுங்குகிறேன் என்று ராமானுஜன் சொல்ல, அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருந்தன. நம் ஆள் அவற்றுக்கு மேலே, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்து வந்திருக்கிறார். கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று கோட்டு மாட்டிவிட்டவர்களும் சொல்லவில்லை, முள்கரண்டி பழக்கியவர்களும் சொல்லவில்லை. பின்னாளில் இந்தியாவுக்கே புள்ளியியல் கற்றுக்கொடுத்தவர் அன்றைக்குக் கம்பளியை உரித்துக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். 1916இல் கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் கொடுத்தது. பிஎச்.டி. என்ற சரக்கு அங்கே அப்போது வந்திருக்கவில்லை. போர் முடிந்த பிறகுதான் வந்தது.

மூன்றாமவர் முதலாமவரின் அண்ணன் மகன், எஸ். சந்திரசேகர். அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்பது அவர் கனவு. இந்தக் கனவில் தெய்வம் எதுவும் வராததால் மகன் பொருட்படுத்தவில்லை. 1928இல் ஜெர்மானிய மேதை சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். பிரசிடென்சியில் படித்துக்கொண்டிருந்த சந்திரா நேராக அவருடைய ஓட்டல் அறைக்கே போய்விட்டார். உங்கள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறேன் என்று சொல்லப்போக, அந்தப் புத்தகமே பழசாகிவிட்டது தம்பி என்ற செய்தி கிடைத்தது. வேறு யாராவது என்றால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் அதைப் பழசாக்கிய புதிய இயற்பியலைக் கற்று, சில மாதங்களில் ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஃபவுலருக்கு அனுப்பினார். அது 1929இல் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. வழிகாட்டி பிடிக்க இதைவிட நேர்வழி இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1930இல் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அம்மா சீதாலட்சுமி கடும் நோயில் படுத்திருந்தார். இந்த நிலையில் மகன் போகலாமா என்று உறவினர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அம்மா ஒரே பிடியாகப் போ என்றார். இப்சன் நாடகத்தில் வீட்டைவிட்டு வெளியேறும் நோராவைத் தமிழில் பேசவைத்தவர் அவர். வாசல் கதவு எதற்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 31 அன்று பம்பாயில் 'பில்ஸ்னா' கப்பல். ஏடன் வரை குமட்டல், பிறகு அமைதியான கடல். 19 வயதுப் பையன் நாற்காலியைப் போட்டுக் கணக்குப் போட்டான். ஒரு நட்சத்திரத்தின் எடை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அது வெள்ளைக் குள்ளனாக அமைதியாக முடியாது என்று விடை வந்தது. ஆகஸ்ட் 19 அன்று லண்டனில் இறங்கிப் பார்த்தால், கேம்பிரிட்ஜில் அவருக்கு இடமே வாங்கி வைக்கவில்லை. சென்னை அலுவலகத்துக்கும் லண்டன் அலுவலகத்துக்கும் நடுவில் அவருடைய கோப்பு எங்கேயோ இளைப்பாறிக்கொண்டிருந்தது. ஃபவுலரிடம் முறையிடலாம் என்றால் அவர் விடுமுறையில் அயர்லாந்தில். அவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியில் சந்திரா அவரைச் சந்தித்து இரண்டு கட்டுரைகளை நீட்டினார். முதல் கட்டுரை ஃபவுலருக்குப் பிடித்தது. நட்சத்திர வரம்பைச் சொன்ன இரண்டாவதை என்ன செய்வதென்று புரியாமல் மில்ன் என்பவருக்குத் தள்ளிவிட்டார். மில்னுக்கும் அது ஒப்பவில்லை. மாதக்கணக்கில் மேசைக்கு மேசை நகர்ந்ததில் சலித்துப்போய், பையன் அதை அமெரிக்காவுக்கு அனுப்பினான். 1931இல் அச்சாகி வந்தது, இரண்டு பக்கம்.