தலைமை மெக்கானிக் அவர்களின் சமுகத்துக்கு

ஒன்றிய அரசின் பெட்ரோலிய அமைச்சகமும் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் ஒரே கூரையின் கீழ் நடத்திவரும் இந்தியாவின் மாபெரும் ட்யூனிங் கடையின் தலைமை மெக்கானிக் அவர்களுக்கு, பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

2025 ஆகஸ்டில் தாங்கள் வெளியிட்ட விளக்கத்தைப் படித்து மெய்சிலிர்த்தோம். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலான இ20 வந்ததிலிருந்து மைலேஜ் விழுகிறது என்று நாங்கள் புலம்பியதற்கு, குறைவு இருந்தாலும் சொற்பம்தான் என்றீர்கள். இன்ஜினை நன்றாக ட்யூன் செய்தால் அதையும் குறைக்கலாம் என்றீர்கள். சில பழைய வண்டிகளில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம், அதற்குச் செலவு அதிகமில்லை, வழக்கமான சர்வீசிலேயே முடிந்துவிடும் என்றும் அருளினீர்கள். ட்யூனிங்கைத்தான் முன்னணி நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துவிட்டனவே என்று கடைசியில் ஒரு சமாதானம். புது வண்டிக்குச் செய்திருப்பார்கள், மகிழ்ச்சி. 2012-இல் வாங்கிய நூறு சிசி வண்டியின் கார்புரேட்டருக்குள் எந்த நிறுவனம், எந்த இரவில் வந்து புகுந்து, எரிபொருளை அளந்துவிடும் ஜெட்டை மாற்றிவிட்டுப் போனது என்பதைத் தலைமை மெக்கானிக் அவர்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

தங்கள் தொழில் திறமையை முதலில் வியந்தாக வேண்டும். தெருமுனை மெக்கானிக் ஒரு வண்டியின் எரிபொருள் கலவையை மாற்ற வேண்டுமென்றால் டேங்க்கைக் கழற்றி, கார்புரேட்டரை இறக்கி, ஸ்லோ ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் கையில் எடுத்தாக வேண்டும். தாங்களோ ஸ்பேனரைத் தொடாமலே நாட்டின் அத்தனை பெட்ரோல் வண்டிகளின் கலவையையும் ஒரே வீச்சில் மாற்றிவிட்டீர்கள். கணக்கு எளியது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு ஒன்பதே போதும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஜெட்டின் துளை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் அது ஊற்றும். ஆகவே பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்த துளையில் இ20 ஓடினால் கலவை லீனாகிறது, அதாவது எரிபொருள் குறைந்து காற்று மிகுகிறது. புகை விதிக்காகவும் மைலேஜ் விளம்பரத்துக்காகவும் கம்பெனியிலேயே கலவையை விளிம்புவரை லீனாக வைத்து அனுப்பிய வண்டிகள் இவை. அதற்கும் மேல் தாங்கள் ஒரு தள்ளு தள்ளியதில், காலையில் சோக் போட்டாலும் இழுத்து இழுத்து எழுகின்றன, பாதி ஆக்சிலேட்டரில் விக்குகின்றன, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருக்கிறது. மாடிஃபிகேஷன் என்று பார்த்தால் இந்த நாட்டில் இதுவரை நடந்தவற்றில் இதுதான் பெரியது. செய்தவருக்கு அபராதம் இல்லை.

எங்களுக்கு உண்டு. கடையின் அடுத்த கவுண்டரில் மோட்டார் வாகனச் சட்டம் மாட்டியிருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுவது அந்த மாற்றத்தில் சேருமா? குற்றம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. செய்துகொள் என்றும் சொல்லவில்லை. ரோட்டில் நிறுத்துகிறவரின் அன்றைய மனநிலைக்கு விட்டிருக்கிறது. இத்தனைக்கும் எரிபொருள் மாறினால் இன்ஜினில் மாற்றம் தேவைப்படும் என்பது தங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. சிஎன்ஜி கிட் பொருத்த அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறீர்கள். அங்கீகரித்த கிட், அங்கீகரித்த கடை, ஆர்சி புத்தகத்தில் ஒரு பதிவு, முடிந்தது வேலை. வாடிக்கையாளர் தானாக எரிபொருளை மாற்றினால் வழி உண்டு. தலைமை மெக்கானிக் மாற்றினால் மட்டும் கிடையாது.

வண்டியில் மாற்றம் என்றதும் இந்த இடத்தில் சைலன்சரை எடுத்துப் பேசுவீர்கள் என்று தெரியும். பேச வேண்டியதுதான். உள்ளே இருக்கும் தடுப்பை உருவிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வெடிக்க வைக்கிறவனுக்காக யாரும் இங்கே வாதாடவில்லை. அவனுடைய வண்டி வேகமாகவும் ஓடாது. தடுப்பு போனால் காற்றோட்டத்தின் கணக்கு மாறி, கலவை இன்னும் லீனாகி, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறையும். சத்தத்தைக் கேட்டு பவர் என்று நம்புவது அவன் விதி. ஆனால் தாங்களே எழுதிவைத்த அளவுகோல் ஒன்று உண்டு. 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. புது மாடல் ஒப்புதல் பெறும்போது இந்தச் சோதனை நடக்கிறது. ரோட்டில் எத்தனை பேர் கையில் டெசிபல் மீட்டர் இருக்கிறது? புகைச் சான்று நிலையத்தில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள், சத்தத்தை அளப்பதில்லை. ரோட்டில் போலீஸ்காரர்களோ காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, பைப்பின் வடிவம் பிடிக்கவில்லை என்றால் கழற்று என்கிறார்கள். பிறகு கழற்றிய சைலன்சர்களையெல்லாம் ரோட்டில் அடுக்கி, கேமராக்காரர்களை வரவழைத்து, ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். சத்தம் அடங்கியபாடில்லை. இது சட்டத்தை அமல்படுத்துவது இல்லை, கூத்து. அளக்கத் துப்பில்லாதவர்கள் நசுக்குகிறார்கள். அந்தக் குவியலில் விதிக்கு உட்பட்ட சைலன்சர் எத்தனை கிடந்தது என்று கேட்டால் சொல்ல யாருக்கும் வக்கில்லை.

பொறுத்தருள வேண்டும், தலைமை மெக்கானிக் அவர்களே. சூடான இன்ஜினைத் தொட்டுவிட்டோம். ஐரோப்பாவில் மாற்று சைலன்சர் மீது அங்கீகார எண்ணோடு ‘இ’ முத்திரை குத்தி விற்கிறார்கள், ஐ.நா. ஒழுங்குவிதி 92 அதற்காகவே இருக்கிறது. போலீஸ்காரர் முத்திரையைப் பார்த்தால் போதும். தங்கள் மேலான கடைக்கு அப்படி ஒரு முத்திரைக் கட்டை செய்வது பெரிய வேலையா?

தங்கள் தரப்பு வாதங்களையும் மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும் என்பீர்கள். சாதாரண ஓட்டத்தில் உண்மைதான். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்ல, இன்ஜினின் கணினியான இசியு கூடுதலாக ஊற்றும். ஆனால் பெரும்பாலான இருசக்கர வண்டிகளுக்கு இன்ஜெக்‌ஷன் வந்ததே 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமான பிறகு. அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியில் சென்சார் இல்லை, இசியு இல்லை. ஏர் ஸ்க்ரூவும் ஒரு மெக்கானிக்கின் காதும்தான் உண்டு. ஜெட்டை ஏற்றினால் புகை கூடும் என்பது அடுத்த வாதம். நியாயமான பயம், அளவு மீறி ஏற்றினால் நிச்சயம் கூடும். ஆனால் கலவை அதிகமாக லீனாகி எரியாமல் விக்கும்போது வெளியேறுவதும் எரியாத ஹைட்ரோகார்பன்தான். இரண்டு பக்கமும் தப்பு உண்டு என்பதால்தான் அளவுகோல் வைத்திருக்கிறீர்கள். 2000-க்குப் பின் வந்த பழைய வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் என்ற வரம்பு புகைச் சான்று நிலையத்தில் இருக்கிறது. ஜெட்டை மாற்றிய வண்டியை அங்கே நிறுத்தி மெஷினைச் செருகுங்கள். தாண்டினால் பிடியுங்கள், தாண்டாவிட்டால் விடுங்கள்.

எத்தனால் வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இறக்குமதிச் செலவு குறைவதும் கரும்பு விவசாயிக்குப் பணம் போவதும் நல்ல காரணங்கள்தான். ஆனால் அந்த நன்மைக்கான பில் யார் தலையில் எழுதப்பட்டிருக்கிறது? லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். போன ஆற்றலை எந்த ஜெட்டும் திருப்பித் தராது; லீனாக விக்கி விக்கி ஓடுவதால் வீணாகும் பங்கைத்தான் ட்யூனிங் மீட்கும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு அளவு சரிசெய்த இருசக்கர வண்டிகள் இ20-இல் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் இழக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறது. லிட்டருக்கு ஐம்பது கொடுத்த வண்டியில் இரண்டு கிலோமீட்டர். சொற்பம்தான். மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் சாப்பாட்டுப் பெட்டியைச் சுமந்து ஓடுகிறவருக்கு அது இரண்டரை லிட்டர். தாங்கள் மாற்றச் சொன்ன ரப்பரும் கேஸ்கெட்டும் அவர் செலவு, மெக்கானிக் கூலி அவர் செலவு, வேலை நடக்கிற அரை நாள் வருமானமும் அவர் செலவு. பெட்ரோல் விலையில் ஏதாவது குறைந்ததா என்று கேட்டால், எத்தனாலின் விலையே கூடிவிட்டது என்றீர்கள். கலவை மட்டும் தங்கள் முடிவு. வேறு கலவை வேண்டுமென்றால் பம்பில் கேட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் கிடைக்காது.

ஆகவே தலைமை மெக்கானிக் அவர்களிடம் எங்கள் விண்ணப்பம். பழைய மாடல் ஒவ்வொன்றுக்கும் இ20-க்கு எந்த சைஸ் ஜெட் என்று தயாரித்த கம்பெனியையே பட்டியல் போட வையுங்கள். அந்த ஜெட்டை மாற்றுவது குற்றமாகாது என்று ஒரு வரி எழுதி, அந்தக் காகிதத்தை ரோட்டில் நிற்பவர் கையிலும் கொடுங்கள். சைலன்சருக்கு முத்திரை, சத்தத்துக்கு மீட்டர். ரோடு ரோலரை ரோடு போட அனுப்பிவிடலாம். கடைசியாக ஒன்று, இது தொழில் மரியாதை சம்பந்தப்பட்டது. எந்த மெக்கானிக் கடையிலும் ஒரு பாகத்தை மாற்றினால் கழற்றிய பழையதைக் காகிதத்தில் சுற்றி வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வண்டியிலிருந்து தாங்கள் கழற்றியது இ10. பம்புக்கு ஒரு குழாயிலாவது அதைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கடையில் வண்டியை விடாமலே வேலை பார்க்கப்பட்டவர்கள்