கடைமடை சிலிண்டர்

ஜூன் 12 என்றால் தஞ்சாவூர்க்காரனுக்கு மேட்டூர் திறப்பு. எங்கள் மாவட்டத்துக்குக் கடலும் உண்டு என்பதை மறக்காத சிலருக்கு ஜூன் 14ம் முக்கியம். ஏப்ரல் 15ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அன்றைக்குத்தான் முடிகிறது. அணை தேதிப்படி திறக்க வருண பகவானும் கர்நாடகமும் மனசு வைக்க வேண்டும். தடைக்காலம் யாரையும் கேட்காமல் முடிந்துவிடும். அதனால் அந்த வாரம் மல்லிப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக்கைப் பிடிக்கச் சிபாரிசு வேண்டும்.

மச்சானின் விசைப்படகுக்குக் கூலண்ட் மாற்றிய அன்று புனல் பிடிக்கிற பதவி எனக்குக் கிடைத்தது. வேடிக்கை பார்க்க ஒரத்தநாட்டிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். விவசாயி. தண்ணீர் விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய கட்சி.

“சுத்திலும் தண்ணி. அதுல மிதக்கிற எஞ்சினுக்குத் தண்ணியக் காசு குடுத்து கேன்ல வாங்குறீங்களாடா?”

மெக்கானிக் பொறுமைசாலி. கடல் தண்ணீரும் வரத்தான் செய்கிறது என்றார். ரப்பர் இறக்கை வைத்த பம்ப் அதை இழுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களுக்குள் ஓட்டி, சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பக் கடலிலேயே கொட்டிவிடும். எஞ்சினுக்குள் சுற்றும் தண்ணீர் அந்தக் குழாய்களுக்கு வெளிப்புறம் போகும். இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

“என் பம்புசெட் எஞ்சின் இத்தனை வருஷமா அது இறைக்கிற தண்ணியையேதான் குடிக்குது. டெலிவரி பைப்புலேருந்து ஒரு டியூப்பு. முடிஞ்சுது கதை.”

“உங்க எஞ்சின்ல தண்ணி ஓடுது பெரியவரே. இதுல சுத்துது. ஒரே தண்ணி உள்ளேயே கிடந்து காஞ்சா துரு பிடிக்காதா?”

வடித்த பழைய தண்ணீரே அதற்குச் சாட்சி சொன்னது. வாளியில் காவி கரைத்த மாதிரி இருந்தது.

அடுத்து பெரியப்பா கேனில் ஒட்டியிருந்த தாளை எட்டப் பிடித்து வாசித்தார். டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரியிலும் உறையாதாம்.

“மல்லிப்பட்டினத்துல எப்பய்யா பனிக்கட்டி விழுந்துச்சு?”

உறையாமல் இருப்பது நமக்கு இலவச இணைப்பு என்றார் மெக்கானிக். நாம் காசு கொடுப்பது துருப்பிடிக்காமல் இருக்கவும், 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கவும். பச்சை நிறம், தித்திப்புச் சுவை, கொடிய விஷம். மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கலாமே என்று யோசனை சொன்ன மச்சானுக்கு அங்கேயே ஓர் அதட்டல் விழுந்தது.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. சூட்டோடு கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்தால் முகத்துக்குக் கொதிநீர் அபிஷேகம். மெக்கானிக் மெல்ல ஊற்றினார். டேங்க் உடனே நிரம்பிவிட்டது. மச்சான் மூடியை எடுத்தான்.

“வைங்க கீழ. மேல நிரம்பிட்டா கீழ பாஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?”

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேட்டூரோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயை நாங்கள் புதாறு என்போம். அதில் கரை புரள ஓடுகிறது என்று சேதி வரும். பேராவூரணி, சேதுபாவாசத்திரம் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். எஞ்சினுக்குள்ளும் அதே கதை. மூலையில் காற்று மாட்டிக்கொண்டால் அங்கிருக்கும் சிலிண்டருக்குத் தண்ணீர் எட்டாது. டேங்க் நிறைந்திருக்க, அந்தச் சிலிண்டர் ஹெட் மட்டும் வெந்துபோகும்.

மெக்கானிக் மேலே இருந்த திருகைத் தளர்த்தினார். ‘புஸ்’ஸென்று காற்று, பின்னால் பச்சை நுரை. நுரை நின்று தண்ணீர் மட்டும் வந்ததும் திருகை முடுக்கினார். மூடியைப் போடாமலே எஞ்சினை ஓட விட்டார். 80 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறக்க, டேங்கில் தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

“லீக்கு! லீக்கு!” என்று மச்சான் அலறினான்.

“லீக்கு இல்லண்ணே. கடைமடைக்கு இப்பத்தான் போய்ச் சேருது.” குறைந்த அளவுக்கு ஊற்றி மூடியைத் திருகினார்.

பெரியப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஒருநா எங்க வாய்க்காலுக்கு வந்துட்டுப் போயேன்.”

“வர்றதுக்கென்ன பெரியவரே. அங்க மூடி என் கையில இருக்கணுமே!”