எழும்புமா எங்கள் அணி?

கேள்வி: இலங்கை உதைபந்தாட்ட அணி இனி எழும்பிவிடும் என்று ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் என் மகன் சொல்கிறான். இவனுக்கு என்ன வைத்தியம்?
– ஒரு தகப்பன், பேசாலை

பதில்: வைத்தியம் வேண்டாம், பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறான். வலை வெறுமையாக வந்தது என்று பேசாலையில் யாராவது மறுநாளே படகை விற்றார்களா?

1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தோம். அந்த ஒரு கதையை வைத்தே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓட்டிவிட்டோம். 2023 ஜனவரியில் பீபா தடை போட்டது. ரசிகனுக்கு நிம்மதியான ஏழு மாதம். ஒரு தோல்விகூட இல்லை!

பிறகுதான் அதிசயம். 2024 செப்டம்பரில் கம்போடியாவை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்தி, ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனோம். 2025 ஜூனில் சீன தாய்ப்பேயையும் வென்றோம். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வந்து சேர்ந்ததில் பாதிப் பலன். எனக்கு ஒரு குறை உண்டு: மன்னார் வீரர் டக்சன் பியூஸ்லஸ் அணிந்ததும் இதே தேசிய அணிச் சட்டையைத்தான். அதற்கு வெளிநாட்டில் ஆள் தேடுகிறவர்கள் இந்தத் தீவையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம்.

உங்கள் மகனுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லையென்றால், ஒரு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், ஐயா.