சாலைக்கடை வாளியும் அக்ரன் குளிரும்

அக்ரன், ஒஹாயோ.

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கே அத்தையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க, பழவங்காடிப் பிள்ளையாருக்கு என் பேரில் ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள்.

'பிளாஸ்டிக் பை செய்யப் படிக்க அமெரிக்கா போயிருக்கான், இங்கே 2020 ஜனவரியிலேயே அதைத் தடை பண்ணியாச்சே' என்று கிழக்கேகோட்டை டீக்கடையில் எனக்காகத் துக்கம் விசாரிக்கிறார்களாம். அம்மா போனில் சொன்னாள். தும்பா ராக்கெட் நிலையத்தில் வேலை பார்ப்பவர் யாராவது டீ குடிக்க வந்தால் அவரையே கேட்கச் சொல்லுங்கள்: ராக்கெட்டின் திட எரிபொருளை உதிராமல் பிடித்து வைத்திருப்பதே நான் படிக்கும் பாலிமர்தான். ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வுக்குள் ஆடும் வட்டத் தகடும் ஒரு வகைப் பாலிஎத்திலீன். நீங்கள் உங்கள் சாலைக்கடை வாசலில் கட்டித் தொங்கவிடும் குடத்துக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காலத்தில் உலகத்து ரப்பருக்கே தலைநகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் எல்லாம் இங்கிருந்துதான் டயர் உருட்டினார்கள். 1909இலேயே இங்கே ரப்பர் வேதியியல் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் ஊரைச் சல்லடை போட்டுத் தேடினாலும் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரம் கிடையாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று 1839இல் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயர், கடனோடு 1860இல் செத்துப்போனார். 1898இல் தொடங்கிய கம்பெனிக்கும் அவருக்கும் பெயரைத் தவிர ஒட்டோ உறவோ கிடையாது. எங்கள் பல்கலைக்கழக விளையாட்டு அணியின் பெயரான 'ஜிப்ஸ்', குட்ரிச் விற்ற, ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் செருப்பின் பெயரிலிருந்து வந்தது, சின்னமோ கங்காரு. ஏன் என்று கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள், பதில் மட்டும் வருவதில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் அம்மோனியா கலந்த ரப்பர் பாலைத் திறந்தார்கள். அமிலம் விட்டதும் அது உறைந்ததைப் பார்த்து எல்லாரும் செல்போனை எடுத்துவிட்டார்கள். நான் குலசேகரத்து ஆச்சி வீட்டில் ரப்பர் ஷீட் அடித்துக் காயப்போட்டவன், சும்மா கைகட்டி நின்றேன். விடியுமுன்னே பால் வெட்டுவது ஏன் என்று பேராசிரியர் கேட்டார். குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதல், அதனால் பால் நன்றாக வடியும் என்றேன். "பிரமாதம், எந்தப் புத்தகம்?" என்றார். 'வெயில் ஏறினா பால் நிக்கும் மக்கா' என்ற ஆச்சியை எந்தப் பதிப்பகத்தின் பேரில் சொல்வது?

இனி நீங்கள் கொடுத்தனுப்பிய பச்சை வாளி. இந்த ஊர்க் குளியலறையில் வாளியும் இல்லை, கப்பும் இல்லை. அதனால் அதற்கு இங்கே ராஜ மரியாதை. ஜனவரியில் என் அறைத்தோழன், குண்டூர்ப் பையன், அதைக் கழுவி பால்கனியில் கவிழ்த்து வைத்தான். மறுநாள் காலையில் பனியில் சறுக்கியவனின் கால் பட்டது. வாளி நசுங்கவில்லை, கீறவில்லை. கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகப் போய்விட்டது. உங்கள் சரக்கைக் குறை சொல்லவில்லை மாமா. அது பாலிபுரொப்பிலீன். சுழியம் டிகிரியை ஒட்டிய குளிரிலேயே அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நெளிவதை நிறுத்தி விறைத்துவிடும், அப்புறம் தட்டினால் உடையும். திருவனந்தபுரத்தில் எந்த மார்கழியிலும் அதற்கு இந்தச் சோதனை வராது. நம் குலசேகரத்து ரப்பரோ கழித்தல் எழுபது டிகிரி வரை அசைந்து கொடுக்கும். ஒரு சில்லை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன், வரைபடம் அழகாக வந்தது. வகுப்பில் காட்டிக் கைதட்டலும் வாங்கினேன். சாலைக்கடையின் பெயரையும் மறக்காமல் சொன்னேன்.

எத்திலீன் கொஞ்சம் சேர்த்துச் செய்த கோபாலிமர் வாளி குளிர் தாங்கும். அடுத்த முறை கம்பெனி ஆள் ஆர்டர் எடுக்க வந்தால் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி, பச்சையா நீலமா?" என்பார்.

நீலம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்