ஊசிமுனைத் தவம்

முன்பெல்லாம் யாராவது கொஞ்சம் இளைத்துப்போனால் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரே கேள்விதான்: "என்ன, சுகரா?" இப்போது கேள்வி மாறிவிட்டது. இடுப்பு வாரில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்தால் போதும், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "ஊசியா?" என்கிறார்கள். "இல்லையே, ராத்திரி சோத்தை விட்டுட்டேன்" என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்புவதில்லை.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் பாதித் தோசையோடு கை கழுவப் போய்விடுகிறார்கள். அப்புறம் எங்கே பேசுவது? போடவே மாட்டேன் என்பவர்களிடமும் சுவாரசியம் குறைவு. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. போடலாமா என்று யோசிப்பவர். வீவக புளோக்குக்கு ஒருவராவது இருப்பார். எனக்குத் தெரிந்தவருக்கு யோசனையார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எட்டு மாதமாக யோசிக்கிறார். மாங்காட்டில் காமாட்சி ஊசிமுனையில் நின்று தவம் செய்தாள் என்பார்கள். நம்மவர் தவமும் ஊசிமுனையில்தான். எதிரே முட்டை புரோட்டா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா நிலையத்து உணவங்காடி. மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கென்று ஒரு மேசை. "தே ஓ கோசோங்" என்பார் உரக்க, நாலு மேசைக்குக் கேட்கும்படி. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. அடுத்த வாக்கியம் கொஞ்சம் மெதுவாக வரும்: "ரெண்டு முட்டை புரோட்டா, கறிக்குழம்பு தனியா." புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுப்பார். அலுவலக அச்சுப்பொறியில் எடுத்த ஊசிமருந்துக் குறிப்பு. பக்கவிளைவுகள் பகுதியில் மஞ்சள் மார்க்கர் பூசியிருக்கும். 'பித்தப்பைக் கல்' என்ற வரியின்மேல் மட்டும் மார்க்கர் இல்லை. அங்கே போன மாதத்துக் குழம்பு காய்ந்திருக்கிறது.

"குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல்" என்று வாசிப்பார். "ஏன் தம்பி, பேதியும் மலச்சிக்கலும் ஒரே ஆளுக்கு எப்படி வரும்?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணுண்ணே."

"எனக்கு ரெண்டும் வரும். என் ராசி அப்படி."

கணைய அழற்சி அரிதாக வரலாம் என்று அந்தத் தாளில் இருக்கிறது. 'அரிதாக' என்ற சொல்லை அவர் 'உனக்காக' என்றுதான் வாசிப்பார்.

இவருடைய எடைக் கவலைக்குப் பூர்வகதை உண்டு. 1992இல் நம் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்று ஒரு திட்டம் வந்தது. 2007 வரை நடந்தது. குண்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உடற்பயிற்சி. முதலெழுத்துகளைச் சேர்த்தால் டி-ஏ-எஃப். திருப்பிப் போட்டால் என்ன வரும் என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. யோசனையார் அப்போது தொடக்கநிலை ஆறு. மற்றவர்கள் மீ சாப்பிடும் நேரத்தில் திடலைச் சுற்றி ஓடியவர். பிறகு 2016இல் அரசாங்கம் நீரிழிவின்மேல் போர் அறிவித்தது. பானங்களுக்கு ஏ முதல் டி வரை மதிப்பெண் வந்தது. இவர் எல்லாவற்றிலும் சேர்ந்துகொண்டார். அடி எண்ணும் சவாலுக்காகக் கைப்பட்டையும் கட்டினார். அடி கூடியது, ஆள் குறையவில்லை. முஸ்தபா கடையில் ஒரு மாடி ஏறி இறங்கினாலே இரண்டாயிரம் அடி ஆகிவிடுகிறது. கையில் அல்வாவும் வந்துவிடுகிறது.

ஊசியின் பூர்வகதையைச் சொல்லி அவருக்குத் தைரியம் ஊட்டப் பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா என்று ஒரு நச்சுப் பல்லி. அதன் உமிழ்நீரில் 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் ஒரு பொருளைக் கண்டார். நம் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதிலிருந்து 2005இல் ஒரு சர்க்கரைநோய் ஊசி வந்தது. இப்போதைய வீகோவி, மௌஞ்சாரோ போன்றவற்றில் பல்லி ஏதுமில்லை, குடல் ஹார்மோன்களைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று நான் முடிப்பதற்குள் அவர் புரோட்டாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பல்லி எச்சிலா?"

அடுத்த வாரம் பஞ்சாங்கத்தோடு வந்தார். பல்லி வயிற்றில் விழுந்தால் இடப்பக்கம் மகிழ்ச்சி, வலப்பக்கம் தானியம் என்று போட்டிருந்ததாம். "வயித்துலதானே குத்தணும்? இடப்பக்கம் குத்தினா தேவலை போல. வலப்பக்கம்னா மறுபடியும் சோறு."

காசு விஷயத்திலும் விடவில்லை. இங்கே மாதம் பல நூறு வெள்ளி ஆகும் என்றதும் திருச்சிக்குப் போய்வரும் விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டார். இந்தியாவில் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய் என்று கேள்விப்பட்டு, மச்சானிடம் முறுக்கு டின்னோடு வைத்து அனுப்பச் சொல்லலாமா என்றார். மருத்துவர் சீட்டில்லாமல் தொடக்கூடாத மருந்து, அதோடு குளிர்பதனப் பெட்டியில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய மருந்து, முறுக்கு டின்னில் வருமா? மச்சானுக்கு ஏற்கெனவே நல்லெண்ணெய்க்கே சுங்கத்தில் நெஞ்சு படபடக்கும்.

ஆனால் அவருடைய எல்லாக் கேள்வியையும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஒருநாள் கேட்டார்: "சரி, இளைச்சாச்சு. நிறுத்தினா?" நல்ல கேள்வி. விளம்பரத் துணுக்குகளில் இந்தக் கேள்வியே இருப்பதில்லை. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில், வாரம் ஓர் ஊசி, 68 வாரம், சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. 88 கிலோ யோசனையாருக்குப் பதின்மூன்று கிலோ. ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தால், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அப்போ இது சிகிச்சை இல்லை தம்பி, வாடகை என்றார். பல நாள் பேச்சில் அவர் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான்.

இன்னொரு பயம் தாளில் இல்லாதது. ஒரு மாலை, சிராங்கூன் சாலையில் காளியம்மன் கோயிலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாப்பிடணும்னே தோணாதாமே." பித்தப்பைக் கல்லைச் சொன்னபோதுகூட அந்தக் குரல் அப்படி நடுங்கவில்லை. "பிரியாணியைப் பாத்தா சுவத்தைப் பாக்குற மாதிரி இருக்குமாம். அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எதுக்கு இங்க வர்றேன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடந்தோம்.

அப்புறம்தான் வேடிக்கை. தாளைப் படித்துப் படித்து, எட்டாவது மாதத்தில் யோசனையாருக்குப் பக்கவிளைவுகள் தொடங்கிவிட்டன. ஊசி போடாமலே. காலையில் குமட்டல். சாப்பிட்டதும் வயிறு கனக்கிறது. சீப்பில் நாலு முடி வந்தால் எண்ணி வைக்கிறார். புரோட்டா இரண்டிலிருந்து ஒன்றாயிற்று, குழம்பு நின்றது. "இவருக்கு மருந்து வேணாம், மருந்து கம்பெனி காயிதமே போதும்" என்றார் அக்கா, அவர் மனைவி. அந்தக் குமட்டல் தாங்காமல்தான் கடைசியில் ஊசி கேட்டு மருத்துவரிடம் போனார். இந்தத் தர்க்கம் அவருக்கு மட்டும் புரியும்.

புளோக் அடியில் இருக்கும் கிளினிக். இரத்தச் சோதனை, இரத்த அழுத்தம் எல்லாம் முடிந்து மருத்துவர் எடை பார்த்தார். 85.5 கிலோ. உயரம் 170 சென்டிமீட்டர். உடல் எடைக் குறியீடு 29.6. ஊசிக்கு 30 வேண்டும். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு என்று ஏதாவது இருந்தால் 27 போதும். உங்களுக்கு எதுவுமே இல்லை, ரொம்ப சந்தோஷம் என்றாராம் அந்தம்மா. நடந்து குறைத்துக்கொள்ளலாம், ஊசி தேவையில்லை.

நம்மவர் விடுவாரா? ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அபாயம், 27.5 என்றால் பெரிய அபாயம் என்று சுவரில் நீங்களே படம் ஒட்டியிருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார். "திட்டுறதுக்கு 23, மருந்துக்கு 30. இது என்ன நியாயம் தம்பி?" என்று என்னிடம் பிறகு புலம்பினார். மருத்துவர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம்.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம்.

"தம்பி, ரேஸ் கோர்ஸ் ரோட்ல இருக்கேன். மீன் தலைக் கறி சொல்லியிருக்கேன், பெருசு. வர்றியா?"

"குமட்டல்னு சொன்னீங்களேண்ணே?"

"போயிடுச்சு. ஊசி கிடையாதுன்னு அந்தம்மா சொன்ன அந்த நிமிஷமே."

"அப்ப ஊசி யோசனையை விட்டாச்சா?"

"யாரு விட்டது? இன்னும் ஒண்ணேகால் கிலோதான் குறையுது. ஏத்திட்டுப் போய் மறுபடி நிப்பேன். மருந்துக்காகத்தான் சாப்பிடுறேன், அக்காகிட்ட நீதான் எடுத்துச் சொல்லணும்."

நான் போய்ச் சேர்ந்தபோது மீனுக்கு ஒரு கண்தான் மிச்சமிருந்தது.