மெருகு மீமாம்சை

வீட்டிலுள்ள மரச்சாமான்களுக்கு வீட்டிலேயே மெருகு கூட்டிப் பூசும் விஷயத்தைப் பற்றி நம் முன்னோர் தனிச் சாஸ்திரம் ஒன்றும் செய்து வைக்கவில்லை. அவர்கள் இல்லங்களில் ஊஞ்சற்பலகை, மனை, முக்காலி, பெட்டகம் என்று மெருகிடத் தக்கவை நாலைந்துக்கு மேல் இராமையும், அவற்றையும் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து எழுந்து வேஷ்டியாலும் புடைவையாலுமே பளபளக்கச் செய்துவிட்டமையும் இதற்குக் காரணங்கள் என்று கொள்ள இடமுண்டு. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, ஜி.எஸ்.டி. சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் கூடுமிடமாகிய இரும்புலியூரைக் களமாகக் கொண்டு இவ்வாராய்ச்சி எழுதப்படுகிறது. களத் தேர்வு தற்செயலானதன்று. லாரி ஓயாத இரண்டு பெருஞ்சாலைகளின் புழுதியும் ஏரிப் பக்கத்து ஈரக்காற்றும் ஒரே ஜன்னல் வழியாக உள்ளே வருகிற ஊரில் எந்த மெருகு தாக்குப்பிடிக்குமோ, அது பூமண்டலத்தில் வேறெங்கும் தாக்குப்பிடிக்கும் என்பது அநுமானப் பிரமாணத்தால் பெறப்படும்.

மெருகுக்கு முன்னால் மரம் எது என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். தாம்பரம் சுற்றுப்பட்டில் இன்று மரச்சாமான் என்ற பெயரால் விற்பனையாகும் பலவற்றில், அமுக்கிய மரத்தூளின்மேல் தேக்கின் ரேகையை அச்சடித்த தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெயும் உள்ளே இறங்காத அவ்வஸ்துவுக்கு ஈரத்துணியே போதுமாதலால், தோற்றம் வேறு உண்மை வேறு என்று வாதிக்கும் மாயாவாதிகளிடம் அதை ஒப்படைத்துவிட்டு மேலே செல்கிறோம்.

மெய்யான மரத்துக்கு மெருகிடுவோர் எண்ணெய்வாதியர், மெழுகுவாதியர், அரக்குவாதியர் என மூன்று மதத்தினர். இவர்களுள் தொகையாலும் பிடிவாதத்தாலும் முதன்மை பெற்றவர்கள் எண்ணெய்வாதியர். இரண்டு பங்கு தேங்காய் எண்ணெயோடு ஒரு பங்கு எலுமிச்சம்பழச் சாற்றைச் சேர்த்து, அவை இரண்டும் எக்காலத்தும் ஒன்றாகா ஆகையால் நொடிக்கொரு தரம் குலுக்கிக்கொண்டே, பழைய பனியனால் தொட்டுப் பூசினால் மேஜை மினுங்கும் என்பது இவர்கள் பூர்வபட்சம். மினுங்குவதும் பிரத்தியட்சமே. ஆனால் அந்த மினுமினுப்பில் பெரும்பாகம் சாற்றிலுள்ள புளிப்பு நெடுநாள் அழுக்கைக் கரைத்து எடுத்ததால் வந்தது. மீதி, எண்ணெய் இன்னும் ஈரமாக மேலே நிற்பதால் வந்தது. ஒரு வாரம் கழித்து அம்மேஜையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தால், விரல் போன வழி கரும்பலகையில் கோடாகத் தெரியும்; விரல் நுனியிலோ ஜி.எஸ்.டி. சாலையின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். மார்கழி விடியலில், 24 பாகைக்குக் கீழே உறைந்துபோகும் சுபாவமுடைய தேங்காய் எண்ணெய் வெள்ளைப் படலமாக எழுந்து காட்சி தரும். நாளடைவில் காறல் வாடையும் சேரும்.

இதற்கு ரசாயனிகள் சொல்லும் காரணம் ரத்தினச் சுருக்கமானது. எண்ணெய்களை அயோடின் எண் என்னும் அளவுகோலால் தரம் பிரிக்கிறார்கள். அவ்வெண் ஏறத்தாழ 130-க்கு மேற்பட்ட எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு உலர்ந்து தோலாகும். 100-க்குக் கீழ்ப்பட்டது என்றும் உலராது. ஆளிவிதை எண்ணெய் 170-ஐத் தாண்டி நிற்கிறது. நல்லெண்ணெய் நூற்றுக்குச் சற்று மேலே, உலர்வதா வேண்டாமா என்ற திரிசங்கு நிலையில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ பத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆகவே அதைப் பூசிவிட்டுத் துடையாமல் விடுவது, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சீயக்காய் போடாமல் கல்யாணத்துக்குப் புறப்படுவதற்கு ஒப்பாகும்.

தவிரவும் தேக்கு, தன் எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற மரம். 1840-களில் மலபார்க் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முற்பட்டது கப்பல் கட்டும் மரத்துக்காக. கடல்நீரையே பொறுக்கத் தக்க ஒரு மரம், டீப்பாய் வடிவெடுத்து இரும்புலியூர்க் கூடத்து மூலையில் நிற்கும்போது, அதற்கு மேலும் எண்ணெய் வார்த்துத்தான் ஆகவேண்டுமா என்பதை எண்ணெய்வாதியர் சிந்திப்பாராக.

ஆளிவிதை எண்ணெயே உத்தமம் என்று முடிக்கலாமென்றால் அங்கும் ஒரு சிக்கல். பச்சை எண்ணெய் உலர நாட்கணக்கு ஆகும்; ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்காகும். பெயின்ட் கடையில் ‘பாயில்டு’ என்று கேட்டு வாங்குவது சீக்கிரம் உலரும். ஆனால் அதன் வேகம் பெரும்பாலும் காய்ச்சியதால் வந்ததன்று, உள்ளே சேர்த்த மாங்கனீஸ், கோபால்ட் போன்ற உலோக உப்புகளால் வந்தது. இயற்கை மெருகு வேண்டுமென்று விரதம் பூண்டவர்கள் அந்த டப்பாவின் லேபிலைப் படிக்காமல் இருப்பதே விரதத்துக்கு நல்லது.

எலுமிச்சைச் சாற்றைப் பற்றி இன்னொன்று. துருப்பிடித்த ஆணி தலைகாட்டும் பழைய நாற்காலியில் அதைத் தாராளமாக விட்டால், புளிப்பில் கரைந்த இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கூடி, அக்காலத்தில் எழுது மை செய்த அதே முறைப்படி, ஆணியைச் சுற்றிக் கருவளையம் போடும். பிறகு அதை நீக்க உப்புத்தாளும் ஆசாரியும் வேண்டியிருக்கும்.

மெழுகுவாதியர் மதம் இவ்வூருக்குப் பொருந்துவது என்பது எமது துணிபு. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேட்டு வாங்கிச் சீவி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு எண்ணெய் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தை இறக்கி அதிலிட்டால் 62 முதல் 64 பாகைக்குள் மெழுகு இளகிவிடும். நேரே அடுப்பில் வைக்கலாகாது. ஆறியபின் பசையாகும் இதைச் சுண்டைக்காயளவு துணியில் எடுத்துத் தேய்த்து, கால்மணி நேரம் விட்டு, வேறொரு உலர்ந்த துணியால் கை வலிக்க வலிக்கத் துடைத்து எடுக்க வேண்டும். மெழுகு மேற்பரப்பில் நின்று எண்ணெயையும் பிடித்து நிறுத்துவதால் பிசுக்கு குறையும். புழுதி உட்கார்ந்தாலும் எழுந்து போகும். சூடான டபராவை மாத்திரம் அதன்மீது வைக்கலாகாது.

அரக்குவாதியர் வீட்டில் தாமே மெருகிடுவோர் அல்லர், தொழிலாளர். பூச்சி கக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொதியால் படலம் படலமாக ஏற்றும் அவர்கள், மழை மூட்டமான நாளில் வேலைக்கு வரமாட்டேன் என்பது சோம்பலாலன்று: ஸ்பிரிட் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து மெருகு வெளுத்துப்போகும். தாம்பரத்தில் 2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து முடிச்சூர் வீடுகளில் கட்டில் மிதந்த சமயத்தில், மூன்று மதத்து மெருகுகளும் அபிப்பிராய பேதமின்றித் தோற்றன. மெருகு ஈரத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது.

இவ்வளவு விசாரித்ததன் பயனாகத் தெளிவது யாதெனில், எந்த மதத்தைத் தழுவினாலும் மெருகு என்பது பூசுவதில் கால்பங்கும் துடைத்தெடுப்பதில் முக்கால்பங்குமாக இருக்கிறது. பூசும் கட்டத்தில் வீட்டார் அனைவரும் உற்சாகமாகப் பங்கு கொள்வதும், துடைக்கும் கட்டத்தில் ஒருவர் மட்டும் எஞ்சுவதும் எல்லாக் குடும்பங்களிலும் காணப்படும் சாதாரண நிகழ்ச்சி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வாரணாவதத்து அரக்கு மாளிகை எரிய ஒருவர் தீ மூட்ட வேண்டியிருந்தது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக்கு அந்த உதவியும் வேண்டாம். உலரும்போது அவ்வெண்ணெய் உஷ்ணத்தை வெளிவிடும். துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றித் தேங்கித் தானே பற்றிக்கொள்ளும். ஆகையால் வாசகர்கள், மேஜை எப்படிப் போனாலும், துடைத்த துணியை அன்றைக்கே தண்ணீரில் அலசி, மாடிக் கொடியில் மடிக்காமல் விரித்து உலர்த்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.