கைகாட்டி

கையைக் காட்டினால் பஸ் நிற்கும். அவருடைய சாலைப் பாதுகாப்புக் கொள்கை மொத்தமும் இவ்வளவுதான். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துக்கு வருவார். இரண்டு காதிலும் வெள்ளையாகத் தண்டு நீட்டிக்கொண்டு அந்தச் சாமான். வலப்பக்கமும் பார்க்க மாட்டார், இடப்பக்கமும் பார்க்க மாட்டார். வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையை வண்டிகள் பக்கம் விரித்து, கர்ப்பகிருகத்திலிருந்து இறங்கி வந்த பெருமாள் மாதிரி அபயம் அளித்தபடியே நடுரோட்டுக்குப் போய்விடுவார். தாம்பரம் பக்கமிருந்து வந்த 21ஜி கிறீச்சிட்டு நிற்கும். உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். அது நின்றதும் அவருக்குத் தெரியாது, சாய்ந்ததும் தெரியாது. நடுத்தடுப்பில் யாரோ பெயர்த்து வைத்த சந்தில் நுழைந்ததும் கை மாறும். இப்போது இடது கை.

அந்தக் கைக்குப் பாரபட்சம் கிடையாது. வருவது என்ன வண்டி என்று காதும் சொல்லவில்லை, கண்ணும் சொல்லவில்லை. கைக்கு மட்டும் எப்படித் தெரியும்? சைக்கிளில் இளநீர் கொண்டுபோகிறவருக்கும் அதே உள்ளங்கை, கார்களை அடுக்கிக்கொண்டு வருகிற டிரெய்லருக்கும் அதே உள்ளங்கை. ஒருநாள் ஆம்புலன்சுக்கும் அதைக் காட்டினார். ஆம்புலன்ஸ் நின்றது.

காதுக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கையின் போக்கு. இளையராஜா என்றால் விரல்கள் தாளம் போடும். நடையும் கொஞ்சம் தளர்ந்து, சரணம் முடிகிற வரை சாலையும் முடியாது. ஐ.பி.எல். வர்ணனை என்றால் ஆபத்து. திடீரென்று இரண்டு கையும் மேலே போய்விடும். யாரோ சிக்சர் அடித்திருப்பார்கள். எதிரே வந்த பைக்காரன், ஆசாமி சரணடைகிறார் என்று நினைத்து பிரேக் போட்டிருப்பான். எல்லாவற்றையும் விட மோசம், ஆபீஸ் மீட்டிங். நடுரோட்டில் நின்று, “ஹலோ, நான் பேசறது கேக்குதா? கேக்குதா?” என்று பெங்களூரைக் கேட்பார். பின்னால் நிற்கிற தண்ணி லாரியும் அதையேதான் ஹாரனில் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்பார். சென்னைச் சாலையில் பிறந்தவர் எவரும் ஒருமுறையாவது வாங்கிக்கொள்ள வேண்டிய ஆசி அது. அவருக்கு மட்டும் கிடைத்ததே இல்லை. காது திறந்திருக்கிற பாவத்துக்கு ஓரத்தில் நிற்கிற நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அதை அடுத்து வருகிற, அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தைகளையும் சேர்த்து.

எல்லாம் முடிந்து இந்தக் கரைக்கு வந்த பிறகு, யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றினால் ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றி, “சார், எங்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?” என்பார். அப்படிக் கழற்றும்போது ஒருதரம் கை நழுவி அது கீழே விழுந்து, உருண்டு, சாலைக்குள் போய்விட்டது. பஸ் வருகிறதா என்று பார்க்காத கண்கள் அன்றைக்குத் தாரில் உள்ள ஒவ்வொரு பொடிக்கல்லையும் பார்த்தன. குந்தி உட்கார்ந்து, செல்போன் டார்ச் அடித்து, தவழாத குறையாகத் தேடினார். கிடைத்ததும் ஊதி, சட்டையில் துடைத்து, “ஆறாயிரம் ரூவா சார்” என்றார். அவர் தேடி முடிக்கிற வரை கைகாட்டி வண்டிகளை நிறுத்தியவர்கள் நாங்கள்.

அதன் மகிமையையும் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன், டீக்கடையில். வெளியிலிருந்து வருகிற ஓசையை உள்ளிருக்கும் குட்டி மைக் வாங்கிக்கொள்ளுமாம். அந்த ஒலியலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, ஒன்றால் ஒன்றை அழித்துவிடுமாம். “எல்லா சத்தமும் போயிடாது சார். இன்ஜின் மாதிரி தொடர்ச்சியா உறுமற சத்தம்தான் சுத்தமா போயிடும்.” அதாவது, எந்தச் சத்தம் கேட்டால் மனிதன் பிழைப்பானோ, அதைத் துல்லியமாகத் தேடிப்பிடித்து அழிக்கிற கருவி. காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

சட்டமும் தெரிந்தவர். வண்டி ஓட்டுகிறவன் செல்போனைக் கையில் பிடித்துப் பேசினால் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை அபராதம். நடக்கிறவன் காதை அடைத்துக்கொண்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவே கிடையாது என்பார். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வுட்பிரிட்ஜ் என்ற ஊரில் 1982லேயே, வாக்மேன் வந்த சூட்டோடு சூடாக, அதை மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு காதைக் கழற்றினார். “சரி சார். தேவையில்லாம ஹாரன் அடிச்சா ஆயிரம் ரூவான்னு 2019லேர்ந்து 194எஃப்னு ஒரு பிரிவு இருக்கு. யாரையாவது பிடிச்சுப் பாத்திருக்கீங்களா? அவன் காதுகிட்ட வந்து அடிக்கிறான், நான் மூடிக்கிறேன். அவனை விட்டுட்டு எனக்கு ஃபைனா?” திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சொன்னதில் தப்பில்லை. நடைபாதையில் பாதி பைக், மீதி பிரியாணிக் கடை. கடப்பதற்குப் போட்ட வெள்ளைக் கோடு அழிந்து போய்விட்டது. அது இருந்தபோதும் எவனும் நின்றதில்லை. இவர் கைக்கு நிற்கிறார்கள். எதிர்வரிசைப் பாட்டி ஒருவர் மருந்துக்கடைக்குப் போகத் தனியாகச் சாலையைக் கடப்பதே இல்லை. காலையில் இவர் வருகிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பார். இவர் கையைத் தூக்கியதும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போவார். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். தனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வருவது அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்தக் கையைப் பார்த்தால், இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றும்.

ஆனால் அதே கையோடு தண்டவாளத்திலும் இறங்குகிறார். நடைமேம்பாலம் ஏற முழங்கால் வலிக்கிறதாம், வயது முப்பத்திரண்டு. பீச் போகிற மின்சார ரயிலுக்கு இந்த அபயமெல்லாம் தெரியாது. பிரேக் பிடித்தாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒதுங்குவதற்கு அதற்கு வேறு வழியும் இல்லை. அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடந்து வண்டியில் அடிபட்ட 116 பேரைப் பற்றிய தகவலைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் ரயிலில் அடிபட்டவர்கள். பத்துக்கு ஏழு பேர் பிழைக்கவில்லை. பெரும்பாலோர் முப்பதைத் தாண்டாதவர்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று நம் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவும் சொல்கிறது. அதை எழுதி வைத்த பலகைக்குக் கீழேதான் அவர் இறங்குகிற ஒற்றையடிப் பாதை. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நின்றுவிடாதா என்று பார்த்துக்கொண்டே வருகிறாரே ரயில் ஓட்டுநர், அவர் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட வேண்டாமா? தன் காதை மூடிக்கொள்வது அவரவர் சுதந்திரம் என்கிறார்கள். மூடிக்கொண்டவருக்கும் சேர்த்துக் கேட்கிற வேலை மற்ற எல்லார் தலையிலும் விழுகிறதே, அதற்கு யார் சம்மதம் கொடுத்தது?

ஆகவே தண்டனை வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பணமாக வேண்டாம். ஐந்நூறு ரூபாய் என்றால் போனைத் தட்டிக் கட்டிவிட்டு, பாட்டை நிறுத்தாமலே போய்விடுவார். போலீஸ்காரர் பேசாமல் ஒரு காதிலிருப்பதை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லட்டும். ஆறாயிரத்தில் மூவாயிரம் போனது அவருக்கு உறைக்கும். சாலைக்கும் ஒரு காது கிடைக்கும். தண்டவாளத்தில் பிடிபட்டால் இரண்டையும் பிடுங்கலாம். திருப்பித் தரவே வேண்டாம்.